சரிசெய்யக்கூடிய சீட் பெல்ட் பக்கிள்கள்: எதை நம்பி மாட்டலாம், எதைக் கழற்றிப் போடலாம்

‘சரிசெய்யக்கூடிய பக்கிள்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்பவை எல்லாம் ஒரே சாமான் அல்ல. பழைய இடுப்பு பெல்ட்டில் பட்டையின் நீளத்தை மாற்றும் சாய்வுப் பூட்டு ஒன்று. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டில் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் நாக்கு, அதாவது பக்கிளுக்குள் செருகும் தகடு, இன்னொன்று. பக்கிள் நிற்கும் தண்டின் நீளத்தை மாற்றுவது, தோள் பட்டை இறங்கி வரும் வளையத்தை ஏற்றி இறக்குவது, பட்டை எட்டாதவர்களுக்கு நீட்டிப்புத் துண்டு, கழுத்தில் உரசாமல் இருக்க மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் என்று இன்னும் பல அதே பெயரில் கிடைக்கின்றன. சில அருமையான வடிவமைப்புகள். சில பெல்ட்டின் பாதி வேலையைக் கெடுப்பவை.

எல்லாவற்றையும் இங்கே ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறோம். நீளத்தையோ உயரத்தையோ மாற்றும் பாகம், பூட்டின் வேலையில் குறுக்கிடக் கூடாது. பட்டை உடம்பில் எங்கே படிய வேண்டுமோ அந்த இடத்தையும் மாற்றக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும், எத்தனை சொகுசாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது

பக்கிளின் பிளாஸ்டிக் உறை வெறும் சட்டை. பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். நாக்குத் தகட்டை உள்ளே நுழைத்ததும் அது எஜெக்டர் என்ற சிறு தள்ளுகட்டையை ஸ்பிரிங்கோடு பின்னுக்குத் தள்ளுகிறது. தள்ளுகட்டை நகர்ந்ததும் பூட்டுத் தகடு நாக்கின் துளைக்குள் விழுகிறது. அது மறுபடி எழும்பாதபடி ஒரு தடைக்கட்டை அதன் மேல் வந்து உட்கார்கிறது. ‘க்ளிக்’ சத்தம் அப்போது வருவது. சிவப்பு பொத்தானை அழுத்தினால் தடைக்கட்டை விலகும், பூட்டுத் தகடு எழும்பும், தள்ளுகட்டை நாக்கை வெளியே துப்பும்.

நாக்கை வெளியே துப்புவதுதான் இந்த அமைப்பின் மிக முக்கியமான பாதுகாப்பு. பூட்டு விழவில்லை என்றால் நாக்கு உள்ளே நிற்கவே கூடாது. அரைகுறையாக மாட்டிக்கொண்டு ‘பூட்டிவிட்டேன்’ என்று நம்பவைக்கும் பக்கிளைவிட, பூட்டவே மறுக்கும் பக்கிள் மேல். சீட் பெல்ட்டுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 16 இப்படிப்பட்ட அரைப் பூட்டு நிலை இருக்கவே கூடாது என்கிறது. சீட் பெல்ட்டுக்கான அமெரிக்கத் தரநிலை 209, அரைகுறையாக மாட்டிய நாக்கு 22 நியூட்டன் விசைக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிலோ இழுப்பில், கழன்று வந்துவிட வேண்டும் என்கிறது.

இதை வாங்குமுன் கையாலேயே சோதிக்கலாம். நாக்கை மிக மெதுவாக, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே விடுங்கள். வழியில் எங்கே கையை எடுத்தாலும் அது வெளியே தள்ளப்பட வேண்டும், அல்லது முழுதாகப் பூட்டியிருக்க வேண்டும். நடுவில் எங்காவது தங்கி நின்றால் அந்தப் பக்கிள் வேண்டாம். புதிதாக இருக்கும்போதே தங்குகிற பக்கிள், தூசி சேர்ந்த பிறகு இன்னும் மோசமாகும்.

அடுத்தது பொத்தான். ஐ.நா. விதிப்படி அது சிவப்பாக இருக்க வேண்டும். பக்கிளின் வேறு எந்தப் பாகமும் சிவப்பாக இருக்கக் கூடாது. விபத்துக்குப் பின் முன்பின் தெரியாத ஒருவர் கைவிட்டுத் தேடும்போது கண்ணில் முதலில் படவேண்டியது அது ஒன்றுதான். அழகுக்காகக் கருப்புப் பொத்தானும் சிவப்பு உறையுமாக வரும் பக்கிள்களை இந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். உறைக்குள் பதிந்த பொத்தான் குறைந்தது 4.5 சதுர செ.மீ. பரப்பும் 15 மி.மீ. அகலமும் கொண்டிருக்க வேண்டும். பதியாத வகைக்கு 2.5 சதுர செ.மீ., 10 மி.மீ. போதும்.

பதிந்த பொத்தான் என்பதற்கு விதியில் தெளிவான இலக்கணம் இருக்கிறது: 40 மி.மீ. விட்டமுள்ள உருண்டையை வைத்து அழுத்தினால் பூட்டு திறக்கக் கூடாது. டேபிள் டென்னிஸ் பந்தின் விட்டமும் 40 மி.மீ.தான். பந்தைப் பொத்தான் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். திறந்துகொண்டால், பக்கத்தில் இருப்பவரின் முழங்கையோ மடியில் இருக்கும் பையின் மூலையோ அதைத் திறந்துவிடலாம். பதியாத பொத்தானையும் விதி அனுமதிக்கிறது. ஆனால் நடு இருக்கைக்கும், மூன்று பேர் நெருக்கி உட்காரும் பின்வரிசைக்கும் பதிந்த வகையே சரி.

திறக்கும் விசையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: லேசாக அழுத்தினால் திறக்க வேண்டும் என்று. வெறுமனே இருக்கும்போது எளிதாகத் திறப்பது பெரிய விஷயமில்லை. பட்டை இழுபட்டு நிற்கும்போது திறக்கிறதா என்பதே கேள்வி. ஐ.நா. விதி, மோதல் சோதனைக்குப் பிறகு பாரத்தோடு திறக்க 60 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்கிறது. அதாவது சுமார் ஆறு கிலோ அழுத்தம். அமெரிக்கத் தரநிலையில் வரம்பு 133 நியூட்டன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, உடம்பின் எடை முழுவதும் பட்டையில் விழும்படி முன்னால் சாய்ந்து, ஒரே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். திணறினால் பூட்டுத் தகட்டுக்கும் நாக்குக்கும் இடையிலான உராய்வு அதிகம் என்று பொருள். மட்டமான பக்கிள்களில் நாக்கின் துளை விளிம்பு சரியாகச் சீவப்படாமல் பிசிறோடு இருப்பதே பெரும்பாலும் காரணம். விரலால் தடவினாலே தெரியும்.

விலை குறைந்த நகல்களில் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று உண்டு. பொத்தானுக்கும் எடை இருக்கிறது. பக்கிள் திடீரென்று ஒரு திசையில் வெட்டி இழுக்கப்பட்டால் பொத்தான் தன் நிலையிலேயே நிற்கப் பார்க்கும். பூட்டின் பார்வையில் யாரோ அதை அழுத்தியதுபோல ஆகிவிடும். பிரீடென்ஷனர், அதாவது மோதலின்போது பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் கருவி, உள்ள பக்கிளில் இந்த ஆபத்து அதிகம். வெடிமருந்து விசையால் கீழே இழுக்கப்படும் பக்கிள், ஓட்டம் முடியும் இடத்தில் சட்டென்று நிற்கிறதே, அப்போதுதான். நல்ல வடிவமைப்பில் இதற்கென்றே ஓர் எதிர் எடை உள்ளே வைத்திருப்பார்கள். அது அந்த நொடியில் தடைக்கட்டையை நகரவிடாது. நகல்களில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று வெளியிலிருந்து அறிய வழியே இல்லை. அதனால்தான் பிரீடென்ஷனர் உள்ள இடத்தில் வாகன நிறுவனத்தின் பக்கிளைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது.

சாய்வுப் பூட்டு உள்ள இடுப்பு பெல்ட்

பட்டையைத் தானே உள்ளே சுருட்டிக்கொள்ளும் ரிட்ராக்டர் இல்லாத இரண்டு முனை பெல்ட்டில் நீளத்தை மாற்றும் வேலையைச் செய்வது நாக்கின் அடியில் இருக்கும் சொரசொரப்பான உருளை. பட்டை அதைச் சுற்றித் திரும்பி வருகிறது. பெல்ட் இறுகும்போது உருளை சட்டத்தோடு பட்டையை நெரிக்கிறது. எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக நெரிக்கும். ஸ்பிரிங் தேவையில்லை, பாகங்கள் குறைவு, பழுதாகவும் அதிகம் ஒன்றுமில்லை. இந்த எளிமைக்காகவே எங்களுக்கு இதன் மேல் மதிப்பு உண்டு.

பலவீனம் கோணத்தில் இருக்கிறது. நாக்கைப் பட்டைக்குச் செங்குத்தாகத் திருப்பினால் நெரிப்பு விட்டுப்போகும்; நீளத்தைக் கூட்டுவதே அப்படித்தான். அதே கோணம் பூட்டியிருக்கும்போது தானாக ஏற்பட்டால் பட்டை நழுவும். பக்கிளின் அடிப்பகுதிக்கும் பட்டைக்கும் இடையே கோணம் 30 டிகிரிக்குக் கீழே குறையுமுன்பே பூட்டு பிடித்துவிட வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை கேட்பது இதற்காக. குழந்தை இருக்கையின் சட்டத்தில் முட்டியோ, திண்டின் ஓரத்தில் தொற்றியோ பக்கிள் சாய்ந்து நின்றால் இந்த வகை கைவிட்டுவிடும். பூட்டிய பிறகு பக்கிளை நாலு பக்கமும் ஆட்டிப் பட்டையை இழுத்துப் பாருங்கள். எந்தச் சாய்விலாவது பட்டை ஓடினால், அந்த இருக்கைக்கு அது பொருந்தாது.

போடும் முறையில் நிறைய பேர் தவறுவது வரிசையில். முதலில் பட்டையை வேண்டியதைவிட நீளமாக விட்டுக்கொள்ள வேண்டும். முதுகும் இடுப்பும் இருக்கையின் உள்மூலையில் பதியும்படி உட்கார வேண்டும். பூட்ட வேண்டும். பட்டையை வயிற்றிலிருந்து கீழே, இடுப்பெலும்பின் முன்முனைகளுக்கும் தொடைக்கும் இடையிலுள்ள மடிப்புக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகே வால் முனையை இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கிவிட்டுப் பிறகு கீழே தள்ளினால் மடிப்பில் உட்காராது, வயிற்றிலேயே நின்றுவிடும். மோதலில் உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போய்க் குடலும் முதுகெலும்பும் நசுங்குவது இந்த நிலையில்தான்.

மெல்ல மெல்ல நழுவுவது வேறு ஒரு நோய். பாரமே இல்லாமல், வண்டியின் அதிர்வில் மட்டும் பட்டை உருளைக்குள் சிறுகச் சிறுக ஊர்ந்து நீளும். ஐ.நா. விதியில் 1,000 முறை ஆட்டிப் பார்க்கும் சோதனை இதற்கென்றே உண்டு. ஒரு சரிசெய்யும் பாகத்தில் 25 மி.மீ.க்கு மேல் நழுவக் கூடாது, ஒரு பெல்ட்டில் உள்ள எல்லாப் பாகங்களும் சேர்ந்து 40 மி.மீ.க்கு மேல் கூடாது. உங்கள் வண்டியில் சோதிக்க, உருளை ஓரத்தில் பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு நெடும்பயணத்துக்குப் பின் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விரல் அகலத்துக்கு நகர்ந்திருந்தால், உருளையின் சொரசொரப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது பட்டை வழவழப்பாகிவிட்டது. முதலாவதற்கு நாக்கை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு பெல்ட்டையே மாற்ற வேண்டும். உருளையை அரத்தால் ராவிச் சொரசொரப்பாக்குவது வேண்டாம். புதுப் பற்கள் பட்டையின் இழைகளை அறுக்கும்.

பட்டையைப் பிடிக்கும் நாக்கு

மூன்று முனை பெல்ட்டில் நாக்கு சாதாரணமாகப் பட்டையின் மேல் தாராளமாக ஓடும். பிடிக்கும் வகையில் உள்ளே ஓர் அச்சுக்கட்டை இருக்கும். தோள் பக்கத்துப் பட்டையை மேலே இழுத்ததும் இடுப்புப் பகுதி இறுகி அப்படியே நிற்கும். சரிசெய்யக்கூடிய வகைகளில் எங்கள் பாராட்டு அதிகம் போவது இதற்குத்தான். காரணம், இது தளர்வை மட்டும் எடுக்கிறது. பக்கிளின் இடமும் பட்டையின் பாதையும் மாறுவதில்லை. குழந்தை இருக்கையைக் கட்டவும் மிகவும் உதவும்: முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு தோள் பட்டையை இழுத்தால் போதும்.

இதிலும் கோணம் முக்கியம். நாக்கு பட்டைக்கு இணையாகப் படுக்கும்போது மட்டுமே அச்சுக்கட்டை கடிக்கும். பக்கிள் தண்டு நீளமாகி நாக்கு நட்டமாக நின்றால் பிடி தளரும். தண்டு பட்டையால் ஆனதாக இருந்தால், அதை முறுக்கி நீளம் குறைத்துப் பக்கிளைக் கீழே இறக்கலாம். அதிகபட்சம் மூன்று முழுச் சுற்று. வாகனக் கையேடும் குழந்தை இருக்கையின் கையேடும் அனுமதித்தால் மட்டும். எஃகுக் கம்பித் தண்டை ஒருபோதும் முறுக்கக் கூடாது. புரிகள் உள்ளுக்குள் உடையும், வெளியே தெரியாது.

ஓடும் நாக்கும், அவசரத்தில் மட்டும் பூட்டும் ரிட்ராக்டரும் சேர்ந்த பழைய வண்டிகளில் ‘எச்’ வடிவ இரும்புக் கிளிப்பால் இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் முறை உண்டு. நாக்கிலிருந்து 25 மி.மீ.க்குள் மாட்ட வேண்டும். அது குழந்தை இருக்கைக்கு மட்டும். மனிதர் போட்டுக்கொள்ளும் பெல்ட்டில் அதற்கு இடமில்லை.

தண்டின் நீளம்

விறைப்பான தண்டில் பக்கிள் நிமிர்ந்து நிற்கும். ஒரு கையாலேயே பூட்டலாம். விரல்களில் வலுக் குறைந்தவர்களுக்கும், கை நடுங்குபவர்களுக்கும் இதுவே பெரிய உதவி. பட்டைத் தண்டு திண்டுகளுக்கு நடுவே விழுந்துவிடும், தேடி எடுக்க வேண்டும், பூட்ட இரண்டு கை வேண்டும். ஆனால் குழந்தை இருக்கைக்கு வளையும் தண்டு நல்லது. நீளமான விறைத்த தண்டில் பக்கிள் உறை, இருக்கைச் சட்டத்தின் விளிம்பில் வந்து உட்காரும். பட்டை இறுகும்போது பாரம் நேராக இழுப்பாக வராமல், பக்கிளைக் குறுக்கே ஒடிக்கும் விசையாக வரும். எந்தப் பக்கிளும் அப்படி வளைவதற்குச் செய்யப்பட்டதல்ல; உறை பிளந்து பூட்டே திறந்துகொள்ளலாம். சட்டத்தின் விளிம்பில் உட்கார வேண்டியது பட்டை. பக்கிள் விளிம்பைத் தொட்டாலே வேறு இருக்கை அல்லது வேறு இடம் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் ‘நீளம் மாற்றும் தண்டு’, அதாவது பக்கிளுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு வளையப் பட்டையும் நெரிப்பானும் உள்ள வகை, எங்கள் அளவுகோலில் தோற்றுப்போகிறது. முழுப் பாரமும் போகும் பாதையில் நழுவக்கூடிய இன்னொரு பாகத்தைச் சேர்க்கிறது. அதுவும் திண்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில். 70 கிலோ எடையுள்ள உடம்பு புவியீர்ப்பைப்போல 25 மடங்கு வேகக்குறைப்பில் தடுத்து நிறுத்தப்பட்டால் பெல்ட் தாங்க வேண்டியது 1,750 கிலோ அளவு விசை. அந்தப் பாதையில் தைத்த மூட்டும் எஃகும் மட்டுமே இருக்கட்டும்.

மோட்டார் வைத்து ஏற்றி இறக்கும் பக்கிள் இதே தேவைக்கு நேர்மையான விடை. மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸின் பின் இருக்கையில் வந்த அமைப்பில் கதவு திறந்ததும் பக்கிள் வெளிச்சத்தோடு 70 மி.மீ. வரை மேலே வரும். பூட்டியதும் கீழிறங்கி, 40 மி.மீ. வரை தளர்வை எடுத்துவிடும். எட்டும் வசதியும் இறுக்கமும் ஒன்றுக்கொன்று பகையாகாமல் கிடைப்பது இதில்தான். பின்னால் வாங்கிச் சேர்க்கக்கூடிய பொருள் அல்ல என்பது ஒன்றே குறை.

நீட்டிப்புத் துண்டு

1959-ல் வோல்வோவில் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டின் மையக் கருத்தே, இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் இருக்கையின் பக்கவாட்டில், தாழ்வாக, ஒரே இடத்தில் வந்து சேர்வது. பக்கிள் வயிற்றின் மேல் இராமல் இடுப்பெலும்புக்கு வெளியே நிற்கிறது. நீட்டிப்புத் துண்டு இந்தச் சந்திப்புப் புள்ளியை உள்ளே நகர்த்துகிறது. பெரிய உடம்புள்ளவருக்குப் பட்டை உண்மையிலேயே எட்டவில்லை என்றால் அது தேவைதான். அவருக்குப் பெல்ட் இல்லாமல் போவதைவிட எத்தனையோ மேல். ஆனால் எட்டுகிறவர் சொகுசுக்காக மாட்டினால், கனமான உலோகப் பெட்டி ஒன்றைத் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொள்கிறார். தோள் பட்டையும் மார்பின் நடுவை விட்டு விலகும்.

அளவில் மட்டும் ஒத்துப்போகிற நாக்கை நம்பக் கூடாது. நாக்கின் அகலம், தடிமன், துளை விளிம்பு வரை உள்ள தூரம் மூன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு மில்லிமீட்டர் ஒல்லியான நாக்கு ‘க்ளிக்’ என்று பூட்டும், கையால் இழுத்தால் நிற்கும். பாரம் வந்தால் பூட்டுத் தகட்டின் ஓரத்தில் மட்டும் தொற்றியிருந்தது தெரியவரும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்ற வாசகமே இதை வாங்காமல் இருக்கப் போதுமான காரணம். வண்டி நிறுவனத்திடம் மாடலும் இருக்கையும் சொல்லி வாங்குங்கள். நீளத்தில் உள்ளதிலேயே குட்டையானதை எடுங்கள். அந்த நபர் இல்லாதபோது கழற்றி வையுங்கள். குழந்தை இருக்கையோடு சேர்த்து மாட்டவே கூடாது.

எச்சரிக்கை ஒலியை நிறுத்தப் பக்கிளில் செருகும் வெற்று நாக்கும் இதே அலமாரியில்தான் தொங்கும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று: மாட்டாதீர்கள்.

தோள் உயரமும், கிளிப்புகளும்

கதவுத் தூணில் இருக்கும் உயர மாற்றி, பயனுக்கு ஏற்ற கவனம் கிடைக்காத பாகம். பட்டை தோளின் நடுவே, கழுத்துக்கும் புஜத்துக்கும் சரிபாதியில் போக வேண்டும். மாற்றிய பிறகு பொத்தானை விட்டுவிட்டு வளையத்தைக் கீழ்நோக்கி ஓங்கி இழுக்க வேண்டும். இரண்டு படிகளுக்கு நடுவே நின்றுவிட்டிருந்தால் அப்போது ‘டக்’ என்று அடுத்த படியில் விழும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டால் அதே ‘டக்’ மோதலின் நடுவே நடக்கும். பக்கிளின் இடமும் இடுப்புப் பட்டையும் அப்படியே இருக்க, தோள் கோணம் மட்டும் மாறுவதால் எங்கள் அளவுகோலில் முழு மதிப்பெண் இதற்கு.

இதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் துணி முக்கோணங்களும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் செய்வது வேறு. தோள் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கின்றன. தோள் பட்டை இறங்குகிறது, உண்மை. கூடவே இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறுகிறது. குட்டையானவருக்கும் குழந்தைக்கும் இது இரட்டை நஷ்டம். குழந்தைக்கு வேண்டியது பூஸ்டர் இருக்கை. அது உடம்பைப் பட்டைக்கு ஏற்ற உயரத்துக்குக் கொண்டுவரும். ரிட்ராக்டர் அருகே மாட்டிப் பட்டையைத் தளர்வாகவே நிறுத்தும் கிளிப் இன்னும் மோசம். மணிக்கு 50 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். தளர்வு இருக்கும் வரை, மோதிய வண்டி வேகம் குறைந்து நிற்க, உடம்பு அந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும்.

மாட்டும்போது

பொருத்து துளைகள் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. கிட்டத்தட்ட அதே தடிமனுள்ள மெட்ரிக் போல்ட்டை வற்புறுத்தித் திருகினால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு புரி அறுந்துவிடும். கையால் ஐந்தாறு சுற்று தாராளமாகப் போன பிறகே ஸ்பானரைத் தொடுங்கள். போல்ட்டில் தோள் போன்ற தடித்த பகுதியோ தனி வளையமோ வந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். தகடு இழுக்கும் திசைக்குத் திரும்ப இடம் விடுவது அதுதான். இறுக்கிய பின் தகடு கையால் சுழல வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது என்பதை அந்த வாகனத்தின் கையேட்டிலிருந்து எடுத்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பொருத்து இடமே இல்லாத தரைத் தகட்டில் துளை போட்டு வாஷர் வைத்து மாட்டுவது வீண். தகடு காகிதம்போல் கிழியும்.

மூன்று கம்பி உள்ள தட்டையான நெரிப்பானில் பட்டையை ஒருமுறை விட்டு இழுத்தால் போதாது. நடுக் கம்பியைச் சுற்றி வந்த முனை மறுபடி திரும்பி அதே வழியில் தன் மேலேயே படிய வேண்டும். வெளியே குறைந்தது 75 மி.மீ. வால் மிஞ்ச வேண்டும். ஒரு மடிப்போடு விட்ட பட்டை வெறும் கை இழுப்பில் உறுதியாகத்தான் தோன்றும், அதுதான் இதில் உள்ள ஏமாற்று.

மஞ்சள் நிற மின் இணைப்பான் பக்கிளுக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போனால் அது வெடிமருந்து பிரீடென்ஷனர். வீட்டில் கைவைக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

பராமரிப்பும், மாற்ற வேண்டிய நேரமும்

பக்கிளின் முதல் எதிரி வாய் வழியே உள்ளே விழுபவை: ரொட்டித் துணுக்கு, மணல், நாணயம், சர்க்கரை சேர்ந்த பானம். பானம் உலர்ந்ததும் தள்ளுகட்டை ஒட்டிக்கொள்ளும். நாக்கை வெளியே துப்பும் அந்தப் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. வாக்யூம் கிளீனரால் முதலில் உறிஞ்சி எடுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் மாற்றுவதே வழி. எண்ணெய் விடாதீர்கள், இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பசையாகும். உறையைப் பிரித்துச் சுத்தம் செய்து மூடுவதும் வேண்டாம்; ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது எதிரி வெயில். 1995-ல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் சீட் பெல்ட் பக்கிளுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பொத்தானின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் நாளாக ஆக நொறுங்கி, துணுக்குகள் பூட்டுக்குள் விழுந்ததே காரணம். வெளுத்துப்போன, விளிம்பு உடைந்த பொத்தானை அழகுக் குறை என்று விட்டுவிடக் கூடாதது இதனால்தான்.

பட்டையை மிதமான சோப்பு நீரால் துடைக்கலாம், பிளீச் கூடாது, முழுதாக உலர்ந்த பிறகே ரிட்ராக்டருக்குள் விட வேண்டும். ஓரத்தில் இழை பிரிந்திருந்தால், நெரிப்பான் கடிக்கும் இடம் பளபளப்பாகியிருந்தால் மாற்றுங்கள். விதிப்படி பட்டை 1,470 டெகாநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் இழுப்பு வரை அறுந்துபோகக் கூடாது. 980 டெகாநியூட்டன் பாரத்திலும் 46 மி.மீ.க்குக் குறையாமல் அகலம் இருக்க வேண்டும். ஓரம் அறுந்த பட்டையில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

பழைய வண்டி வாங்கும்போது இரண்டு முன் பக்கிள்களின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து, அதன் உறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தால் அந்தப் பக்கத்துப் பிரீடென்ஷனர் வெடித்திருக்கிறது. நாக்கின் பிளாஸ்டிக் பூச்சிலோ தோள் வளையத்திலோ பட்டை உராய்ந்து உருகிய தடம் இருந்தாலும் அந்த பெல்ட் ஒரு மோதலைப் பார்த்துவிட்டது. முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், பக்கிளை மட்டும் அல்ல.

கடைசியாக, பட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் நாட்டு எண்ணும் இருந்தால் ஐ.நா. ஒப்புதல். பக்கத்தில் உள்ள குறியில் ‘ஏ’ என்றால் மூன்று முனை, ‘பி’ என்றால் இடுப்பு பெல்ட், ‘எஸ்’ என்றால் சிறப்பு வகை. ‘ஆர்’ இருந்தால் ரிட்ராக்டர் உண்டு. அதையடுத்து 3 என்றால் தானாகப் பூட்டுவது, 4 என்றால் அவசரத்தில் பூட்டுவது. ‘எம்’ என்பது, வண்டியின் அசைவு, பட்டை இழுபடும் வேகம் என ஒன்றுக்கு மேற்பட்ட தூண்டுதலால் பூட்டும் என்பதற்கு. பெட்டியில் மூன்று முனை என்று போட்டு லேபிளில் ‘பி’ மட்டும் இருந்தாலும், லேபிளே இல்லாவிட்டாலும், பணம் கொடுக்காதீர்கள்.